சித்தப்பாவுக்குச் சொன்ன யோசனை

"சீட்டு கெடச்சுட்டா வேலை கெடச்ச மாதிரி ஆயிடுமாம்மா?" என்றாள் மகள், மடிக்கணினியை அம்மாவின் பக்கம் திருப்பி.

குவான்ட் ஃபைனான்ஸ் முதுகலை. பங்குச் சந்தையின் ஏற்ற இறக்கத்தைக் கணிதத்தால் மடக்கிப் பிடிக்கும் படிப்பு. மகளுக்கு அதில் இடம் வந்திருந்தது.

திரையில், பெரிய நிறுவனங்களில் அமர்ந்துவிட்ட பழைய மாணவர்களின் முகங்கள் வரிசையாகச் சிரித்தன.

வேலை கிடைக்காதவர்களின் படத்தை எந்தக் கல்லூரியும் போடாது என்றாள் மகள். ஆள் எடுக்கும் நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பத்துப் பேர் பார்த்த வேலைக்கு இப்போது ஒருவரே அதிகம். கணக்கில் லேசாகச் சறுக்கினாலும் முதல் பருவத்திலேயே மூச்சு முட்டிவிடும்.

அம்மா அந்தப் படிப்பை விரும்பியது வேலைக்காக அல்ல.

கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், அண்ணனும் தம்பியும் சேர்ந்து தொடங்கிய பங்குத் தரகு அலுவலகத்தின் பெயர்ப் பலகையைக் கழற்றித் தன் பெயரை மட்டும் மாட்டிக்கொண்டவன் கொழுந்தன். பலகையைப் பார்க்காமலே கணவர் போய்ச் சேர்ந்தார். அந்த ஆளை அந்தத் தொழிலிலேயே மகள் மண்ணைக் கவ்வ வைக்க வேண்டும்.

"உனக்கு ரோஷம்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?"

"இருக்கும்மா. அதுக்காகக் கண்ணைத் திறந்துக்கிட்டே குழியில விழச் சொல்றியா?"

அழைப்பு மணி அடித்தது. வாசலில் கொழுந்தனே நின்றான், கையில் ஒரு பை ஆப்பிளோடு.

உள்ளே வந்தவன், யாரும் சொல்லாமலே உட்கார்ந்தான். தன் பையனுக்கும் அதே படிப்பில் இடம் வந்திருக்கிறதாம். பையன் கணக்கில் கொஞ்சம் முன்னே பின்னேதான். ஆனாலும் ஆசைப்படுகிறான். அலுவலகத்தை விற்றுத்தான் அனுப்ப வேண்டும்.

"கணக்குன்னா நம்ம குடும்பத்துல நீதானேம்மா. நீ சரின்னா சரி."

மகள் சித்தப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மடிக்கணினியை மெல்ல அவர் பக்கம் திருப்பினாள்.

"இந்த மூஞ்சிகளைப் பாருங்க சித்தப்பா. எல்லாம் இங்க படிச்சவங்க. கண்ட கம்பெனியும் வராது, பொறுக்கியெடுத்த கம்பெனிங்கதான் வரும். பத்துப் பேர் வேலையை ஒருத்தனே பாக்கலாம். முதல் பருவத்துலயே ஆள் தேறிடுவான்."

சமையலறையில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

பொய் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சற்றுமுன் கேட்ட அதே சேதிகள்தான், உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து நின்றன.

"யோசிக்காம சேத்துவிடுங்க" என்று முடித்தாள் மகள்.

அந்தப் பையன் என்ன பாவம் செய்தான் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை அடுப்போடு சேர்த்து அணைத்துவிட்டு, கொழுந்தனின் கோப்பையில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டாள் அம்மா.

குடித்து முடித்து எழுந்தவன், செருப்பை மாட்டும்போது திரும்பினான்.

"ஆமா, உனக்கும் சீட்டு வந்துச்சுன்னு சொன்னாங்களே. இவ்வளவு நல்ல படிப்புன்னா நீ ஏம்மா சேரல?"

இந்த ஒரு கேள்விக்கு மாற்று உடுப்பு மகளிடம் இல்லை.

கணவர் போனதிலிருந்து அம்மா இந்த ஆளிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. இல்லை என்ற சொல்லை இவன் காதில் விழவிட்டதும் இல்லை. இருந்ததை உண்டு, இஸ்திரி கலையாத துணியில், தலை நிமிர்ந்தே நடந்திருக்கிறாள்.

இப்போது அவள் தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எங்களுக்கு அவ்வளவு வசதி ஏது தம்பி?"

கொழுந்தனின் முகம் குளிர்ந்தது. இத்தனை காலம் அவன் கேட்கக் காத்திருந்தது இதைத்தான். அதற்குமேல் அவன் எதையும் கேட்கவில்லை.

"அவங்கவங்க கொடுப்பினை அண்ணி" என்று ஆறுதல் சொல்லிவிட்டு வெளியே போனான்.

லிஃப்ட் மேலே வருவதற்குள், அலுவலகத்தை வாங்க ஆள் பார்க்கச் சொல்லி அவன் புரோக்கரிடம் பேசுவது கேட்டது. அம்மா கதவைச் சாத்தாமல் நின்று கடைசிச் சொல் வரை கேட்டாள்.