மூன்றாவது நிரல்

"திறக்குது, பிள்ளை. ஆனா கண்ணுக்குத் தெரியுதில்லை."

கலியாணத் தரகர் இராஜநாயகம் தன் வெள்ளவத்தை அலுவலகத்தின் உள்ளறையில், கதவைச் சாத்திக்கொண்டு போனுக்குள் குசுகுசுத்தார். மறுமுனையில் டெனிஷா. அவருக்கு லப்டொப் விற்ற கடையில் வேலை செய்பவள். விற்ற பாவத்துக்குக் கிழமையில் இரண்டு தரமாவது அவருடைய குரலைக் கேட்க வேண்டியிருக்கிறது.

"எது அங்கிள் தெரியுதில்லை?"

"எக்ஸெல் ஃபைல். குத்தினாத் திறக்குது. கீழ பச்சைப் பெட்டியும் மினுங்குது. ஆனா ஸ்கிரீனில ஒரு சாமானும் இல்லை."

அது லேசுப்பட்ட ஃபைல் இல்லை. அவர் கைவசம் உள்ள ஒவ்வொரு மாப்பிள்ளைக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அதில் மூன்று நிரல்கள். முதலாவதில் ஆட்கள் கேட்கிற கேள்வி. இரண்டாவதில் இராஜநாயகம் சொன்ன பதில். மூன்றாவதில் உண்மை. அத்தனை பொய்யையும் தலைக்குள் வைத்துக்கொண்டு திரிய அவர் என்ன அரசியல்வாதியா?

வரவேற்பறையில் இரண்டு வீட்டாரும் வந்திருந்தார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து மாப்பிள்ளை ஷெல்டனின் தாய் பேர்ணடெற். தெஹிவளையிலிருந்து பெண் ரொஷேலின் தகப்பன் பிறெடி. சோபாவின் இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர். நடுவில் இன்னும் நாலு பேர் இருக்கலாம்.

இன்றைக்குப் பேசி முடிந்தால் இது இராஜநாயகத்தின் நூறாவது கலியாணம். மனிதருக்குப் பொறுமை கிடையாது. வாசல் பலகையில் 99 ஐ அழித்து 100 என்று போன கிழமையே எழுதுவித்துவிட்டார். முந்திய சோடிகளின் கலியாணப் படங்களையும் லப்டொப்பிலிருந்து சுவர்த் துளை வழியாக வயர் இழுத்து, வரவேற்பறை ரீவியில் காலையிலிருந்தே ஓடவிட்டிருந்தார்.

எல்லாம் நல்லபடிதான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று பிறெடி ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பிக்கு எத்தினை வயசெண்டு எங்களுக்குச் சொன்னனீங்கள்?"

முப்பத்தொன்றா, முப்பத்துமூன்றா? இராஜநாயகத்துக்கு வியர்த்தது. உண்மை முப்பத்தேழு என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. "இருங்கோ, பயோடேட்டாவை எடுத்துக்கொண்டு வாறன்" என்று உள்ளே பாய்ந்தவர்தான். ஒரு எண் பிசகினால் வாசல் பலகையைத் திரும்ப அழிக்க வேண்டும். ஊர் சிரிக்கும்.

"மூடிட்டுத் திரும்பத் திறந்து பாருங்கோ, அங்கிள்."

"மூண்டு தரம் திறந்திட்டன்."

"நாலாம் தரமும் திறவுங்கோ."

திறந்தார். லப்டொப் திரையில் எப்போதும் இருக்கிற அவருடைய சொந்தப் படம்தான் பொன்னாடையோடு சிரித்துக்கொண்டு நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் பிறெடி வெடித்துச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"கேட்டியோ, பிள்ளை? சிரிக்கினம்! ரெண்டு வீடும் ஒட்டீட்டுது. நீ கெதியா ஒரு வழி சொல்லு."

"சில நேரம் சின்னனாகி எங்கயாவது ஒதுங்கிக் கிடக்கும். விண்டோஸ் பட்டனைப் பிடிச்சுக்கொண்டு மேல் அம்பை அமத்துங்கோ. முழுசா விரியும்."

அமத்தினார். லப்டொப்பில் பொன்னாடை அசையவில்லை. வெளியே சிரிப்பு மட்டும் பட்டென்று நின்றது.

"யேசுவே!" என்று பேர்ணடெற்றின் குரல் ஓங்கி எழுந்தது.

இராஜநாயகம் நெகிழ்ந்துபோனார். "செபம் துவங்கீட்டினம். வேதக்கார ஆக்கள் இதில சரியான ஒழுங்கு. நல்ல காரியத்துக்கு முன்னம் செபம் சொல்லாமல் வாய் திறக்கமாட்டினம்."

"அங்கிள், கடைசியா அந்த ஃபைலை எங்க வச்சுப் பாத்தனீங்கள்?"

"இந்த லப்டொப்பிலதான், வேறெங்க? ஆரும் பாக்கக் கூடாத ஃபைல், பிள்ளை. என்ர மனுசிக்குக்கூட நான் காட்டினதில்லை."

டெனிஷா வேறு ஏதோ கேட்கத் தொடங்கினாள். இராஜநாயகத்துக்கு அதைக் கேட்க நேரமில்லை. செபம் முடிவதற்குள் போயாக வேண்டும். முப்பத்திரண்டு என்று சொல்லிவிடுவோம், நடுவில் நின்றால் எந்தப் பக்கத்திலிருந்தும் அடி விழாது என்று முடிவெடுத்தார். ஆனாலும் பயமாகத்தான் இருந்தது.

எழுந்து கதவுப் பிடியில் கை வைக்க முன்னமே கதவு வெளியிலிருந்து திறந்தது. பேர்ணடெற் நின்றார். மூக்கில் வாசிக்கிற கண்ணாடி. அவருடைய தோளை ஒட்டிக்கொண்டு பிறெடி, கண்ணீர் வரச் சிரித்த முகத்தோடு. பத்து நிமிடத்துக்கு முன் சோபாவின் இரண்டு முனையில் இருந்தவர்கள் இப்போது ஒரே குடும்பம்போல நின்றார்கள்.

இராஜநாயகத்துக்கு நெஞ்சு நிறைந்தது. நூறு! ஃபைலும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "என்ன, கலியாணத்தை முற்றாக்குவமோ?" என்றார்.

பேர்ணடெற் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"பொறுங்கோ, அண்ணை. எங்கட பெடியன்ர மூண்டு நிரலையும் ரீவியில வாசிச்சு முடிச்சிட்டம், இவையின்ர பிள்ளையின்ரயையும் பாக்கக் கொஞ்சம் கீழ இறக்கிவிடுங்கோ."