மொட்டை வட்டம்

"தோள்பட்டை கழண்டு விழுந்துடும்போல இருக்கு. சீக்கிரம் ஒரு பேரை முடிவு பண்ணுங்கப்பா," என்று மூட்டைமேல் சாய்ந்தார் மேஸ்திரி.

சாப்பாட்டு இடைவேளை முடிவதற்குள் நாலு பேரில் வேலையைவிட்டு நிற்கப்போகும் ஒருவரின் பெயரைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நாலு பேருக்கும் வேலை இல்லை. கிடங்கு மேனேஜர் அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மூட்டை தூக்கும் மேப்பு சாக்பீஸை எடுத்தான். லாரியில் எந்த மூட்டை எங்கே என்பதைக்கூட வட்டமும் கிளையுமாக ஒரு 'மேப்' போட்டுத்தான் யோசிப்பான். பட்டப்பெயரே அப்படி வந்ததுதான். சுவரின் நடுவில் 'யார்?' என்று எழுதி வட்டமிட்டான். அதிலிருந்து நாலு கோடு, நாலு வட்டம்.

"அவங்கவங்க பாரத்தைச் சொல்லுங்க. எந்த வட்டத்துல கிளை கம்மியோ, அந்த ஆள் போகணும்."

மேஸ்திரியின் வட்டத்தில் மூன்று பிள்ளைகள் முளைத்தார்கள். எடை போடுகிறவர், வாடகையையும் மகளின் படிப்பையும் சொல்லிவிட்டு, "என் மாமியாரையும் போடு மாப்ள. அது தனி மூட்டை," என்றார். யாரும் சிரிக்கவில்லை.

சாக்கு தைப்பவளிடம் மேப்பு கேட்கவே இல்லை. 'அம்மா, சர்க்கரை மருந்து, கண் ஆபரேஷன்' என்று அவனே எழுதினான். அவள் கோணி ஊசியை மடியில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்திருந்தாள்.

நாலாவது வட்டம் மேப்புவுடையது. மொட்டையாக நின்றது.

"நான் ஒண்டிக்கட்டை. நானே போறேன். வெளியூர் எங்கயாவது பொழச்சுக்குவேன்."

மேஸ்திரி எழுந்து அவன் தோளைப் பற்றினார். "உன் மனசு யாருக்குடா வரும்?"

எடை போடுகிறவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். வராந்தாவில் மேனேஜரின் செருப்புச் சத்தம் நெருங்கியது.

அவள் எழுந்து வந்து சாக்பீஸைப் பிடுங்கினாள்.

"அழுறதை நிறுத்துங்கண்ணே. இது தியாகம் இல்ல. ஓட்டம்."

தன் வட்டத்தை உள்ளங்கையால் அழித்தாள். அதில் தொங்கிய அம்மாவையும் மருந்தையும் ஆபரேஷனையும் கோடு இழுத்து மேப்புவின் வட்டத்தோடு சேர்த்தாள்.

"மேனேஜர்கிட்ட என் பேரைக் கொடுங்க. இந்த ஆளு இங்கயே கெடந்து சுமக்கட்டும். ஒரு வீட்டுக்கு ஒரு சம்பளம் போதும்."

"எந்த வீட்டுக்கும்மா?" என்றார் மேஸ்திரி.

மேப்பு சாக்பீஸைவிட வெளுத்திருந்தான். அவள் அவன் வட்டத்திலிருந்து கடைசியாக ஒரு கிளை இழுத்து, அழுத்தி எழுதினாள்:

'எனக்கு வரவேண்டிய பாக்கி: ஒரு கல்யாணம்.'