பனி அள்ளுகிறார்

இடுப்புக்குக் கீழே உணர்விழந்து படுத்திருந்த அப்பாவைக் கவனிக்க, டிரம்சோ நகரத்து வீட்டில் குன்வோர் கேமரா வைத்திருந்தாள். அவர் செய்வதையெல்லாம் அது அவள் கைப்பேசிக்கு எழுதி அனுப்பும். அன்று காலை அலுவலகத்தில் இருந்தபோது, ‘பனி அள்ளுகிறார்’ என்று வந்தது. படத்தில் அவர் படுத்துத்தான் இருந்தார்.

கேமரா பொருத்திய சிந்த்ரேவுக்குப் போன் செய்தாள்.

“பனி அள்ளுறதை நாங்க அதுக்குச் சொல்லியே தரலையே!”

கேமராவின் கோளாறை மறைக்கப் பொய் சொல்கிறான் என்று தோன்றியது. வீட்டுக்கு விரைந்தாள். இரவெல்லாம் பனி கொட்டியிருந்தும், வாசல்வரை பாதை சுத்தமாக இருந்தது.

“யாருப்பா பனியை அள்ளினது?”

“என்னைக் கேட்டா? நான் எந்திரிச்சு நடந்தா போனேன்?” என்று சிரித்தார்.

அவள் போர்வையை விலக்கினாள். அவருடைய கால்விரல் இடுக்கில் பனி இன்னும் கரையாமல் இருந்தது.