வேட்டங்குடிக் கண்மாயில் ஒரு குரல்

மார்கழிக் காலை வெயில் வேட்டங்குடிக் கண்மாய்த் தண்ணீரில் இப்போதுதான் இறங்குகிறது. கருவேல மரங்கள் முழுக்க நாரைகள். பறவை பார்க்கிறவர்களுக்கான கோபுரத்தின் மேல்தட்டில் மலையாண்டியும் அவன் மனைவி சுபலட்சுமியும் நிற்கிறார்கள். சின்ன வயதுக் காய்ச்சலில் காது மந்தமானவள் அவள். நேற்றுத்தான் காரைக்குடியில் காதுமெஷின் மாட்டிவிட்டார்கள். விடியுமுன்னே புதுவயலிலிருந்து பஸ் ஏற்றி அவளை இங்கே கூட்டி வந்திருக்கிறான். எங்கோ சடசடவென்று கேட்கவும் அவள் திடுக்கிட்டு அவன் சட்டையைப் பிடிக்கிறாள். "என்னங்க அது, மழையா?" பறவைகள் கலைந்துவிடக் கூடாதென்று அவன் குனிந்து மெல்லச் சொல்கிறான். "நாரை ரெக்கை அடிக்குது. அந்தா, அங்குட்டுப் பாரு." அவள் அங்கே பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்க்கிறாள். கல்யாணமான பதினோரு வருஷமும், நேற்று மெஷின் மாட்டின பிறகும்கூடப் பழக்கத்தில், அவன் அவளிடம் கத்தித்தான் பேசியிருக்கிறான். "இம்புட்டு மெதுவாவும் பேசுவீகளா? ஒங்களுக்குக் கோவக்காரக் கொரலுன்னுல்ல நெனச்சேன்." அவன் வெட்கப்பட்டுக் கண்மாய்ப் பக்கம் திரும்புகிறான். தலைக்கு மேலே ஒரு கூட்டம் நிழலை இழுத்துக்கொண்டு போகிறது. "இன்னொருக்கா பேசுங்க." "என்னத்தப் பேச?" "எதையாச்சும்." அவன் கொஞ்சம் யோசிக்கிறான். பிறகு, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி அவள் பேரைச் சொல்கிறான்.