ஜூன் மாதத்துக் கடல்

மாலத்தீவுகளில் ஒரு சிறு தீவு. மழை சற்றே விட்டிருக்கும் காலை. விருந்தினர் விடுதியின் ஐந்து அறைகளும் பூட்டிக் கிடக்கின்றன. விடுதிக்காரி நஹுலா முழங்கால் அளவு நீரில் நின்று, வெளிநாட்டுப் பெண் ஒருத்தியுடன் கைபேசியில் பேசுகிறாள். கரையில் அவள் கணவன் ஷாயிர் ஈர மணலைக் காலால் கிளறியபடி கேட்டுக்கொண்டிருக்கிறான். தென்மேற்குக் காற்று தென்னோலைகளை ஒரே பக்கமாக வாரிவிடுகிறது. வெயில் திட்டுத் திட்டாக நீர்மேல் நகர்கிறது. “நீந்துறதுக்கும் மீன் பாக்குறதுக்கும் பிப்ரவரிதாங்க நல்லது. தண்ணி கண்ணாடியாட்டம் இருக்கும். இப்ப வராதீங்க, மழை,” என்று பேச்சை முடிக்கிறாள்.

“இந்தக் கிழக்குப் பக்கம் அலையே இல்லையே. இப்பவே வரச் சொல்லியிருக்கலாம்ல? ஒரு அறையாச்சும் நிறைஞ்சிருக்கும்,” என்கிறான் ஷாயிர்.

“பிப்ரவரியில என்னைக்காவது நான் கடல்ல எறங்கிப் பாத்திருக்கீங்களா? விடிஞ்சா விருந்தாளிங்களுக்கு ரொட்டி, அடைஞ்சா அவங்க துணி. ஏழு மாசமா உப்புத்தண்ணி மேல படல.”

அவன் நீரில் இரண்டடி இறங்குகிறான். கைநீட்டிக் கைபேசியை வாங்கிக்கொள்கிறான். நஹுலா தலைத்துணியை இறுக்கிக்கொண்டு முன்னால் சாய்கிறாள். கடல் அவளை ஏந்திக்கொள்கிறது. முகத்தை நீருக்குள் அமிழ்த்துகிறாள். பவளப் பாறையில் மேயும் கிளிமீன்கள் விலகி, மறுபடி வந்து மேய்கின்றன. தூறல் தொடங்குகிறது. அவள் நீந்தும் வேகத்துக்கு ஷாயிரும் கரையோரமாகவே நடந்துபோகிறான்.