தோடம்பழக் கலர்

“கறுப்பு வேணாம் புள்ள. இத எடு,” என்றார் இக்னேசியஸ்.

அப்பா நீட்டிய உடுப்பைப் பார்த்ததும் பிரியந்திக்கு எரிச்சல் வந்தது. பளீரென்ற ஆரஞ்சு. தேயிலைத் தோட்டத்தில் இதைத் தோடம்பழக் கலர் என்பார்கள். பாதைக்குத் தார் போடுகிறவர்கள் மேலே மாட்டிக்கொள்வதைப் போல இருந்தது.

ஹட்டன் டவுனில் அன்ஸார் நானாவின் விளையாட்டுச் சாமான் கடை அது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காசல்ரீ நீர்த்தேக்கத்தில் ட்ரையத்லன் போட்டி. முதலில் நீந்த வேண்டும். கரையேறிச் சைக்கிள் மிதிக்க வேண்டும். அதை இறக்கி வைத்துவிட்டு ஓட வேண்டும். நடுவில் உடுப்பு மாற்ற நேரம் கிடையாது. மூன்றுக்கும் ஒரே உடுப்புதான் என்பதால் அது சரியாக அமைய வேண்டும்.

பிரியந்தி தோட்டப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். முதல் பத்துப் பேருக்குள் வந்தால் மாகாண அணிக்குக் கூப்பிடுவார்கள் என்று ஆறு மாதமாகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். நல்ல சைக்கிள் ஒன்று கூட்டாளியிடம் இரவல் கிடைத்துவிட்டது. ஹெல்மெட், சப்பாத்து, கண்ணாடி எல்லாம் அலைந்து திரிந்து சேர்த்துவிட்டாள். பாக்கி இருந்தது இந்த உடுப்பும் ஒரு நீச்சல் தொப்பியும்தான்.

கறுப்பு உடுப்பு மெல்லியது, உடம்போடு ஒட்டி நின்றது, ஈரம் சீக்கிரம் காயும். ஆரஞ்சு தடித்த துணி. தோளில் தளர்வாக இருந்தது. நீந்தும்போது தண்ணீர் புகுந்து இழுக்கும்.

இதையெல்லாம் அவள் பொறுமையாக விளக்கினாள். கொழுந்து மலையில் பெண்களுக்குப் பின்னால் நடக்கிற கங்காணிக்கு நீச்சல் உடுப்பைப் பற்றி என்ன தெரியும்? கடைசிவரை கேட்டுவிட்டு, இதுதான் எடுப்பாக இருக்கும் என்றார் அவர்.

நியாயம் கேட்க அவள் கடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

“நானா, நீங்களே சொல்லுங்க. எது நல்லது?”

அன்ஸார் இக்னேசியஸைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார்.

“கறுப்பு இன்னொரு ஆளுக்கு எடுத்து வச்சது, தங்கச்சி. அத்தோட இந்தப் போட்டிக்குத் தோடம்பழக் கலர்தான் போடணுமாம். தொப்பியும் அதே கலர்ல தாறேன்.”

உடுப்பின் மடிப்பில் தூசி கோடாகப் படிந்திருந்தது. எத்தனை மாதம் விலைபோகாமல் கிடந்த சரக்கோ! தோட்டத்து ஆட்கள் என்றால் எதையும் தலையில் கட்டிவிடலாம் என்ற நினைப்பு இந்த டவுன் கடைக்காரர்களுக்கு. அதற்கு அப்பாவும் சேர்ந்து தலையாட்டுகிறாரே என்றுதான் அவளுக்கு ஆத்திரம். வேறு கடை தேட நாள் இல்லை. வாங்கிக்கொண்டாள். திரும்பும்போது பஸ்ஸில் அப்பாவுக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் நின்றுகொண்டே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கரையில் நூற்றுச் சொச்சம் பேர் நின்றார்கள். எல்லாரும் கறுப்பு, இல்லாவிட்டால் கருநீலம். தோடம்பழம் இவள் ஒருத்திதான். பக்கத்தில் நின்ற பெண், ஆட்கள் மூழ்கினால் காப்பாற்ற வந்தவளா என்று சிங்களத்தில் கேட்டாள். கிண்டலா, உண்மையாகவே கேட்டாளா தெரியவில்லை.

அன்ஸார் சொன்னது பச்சைப் பொய் என்று மட்டும் தெரிந்தது.

தண்ணீருக்குள் உடுப்பு தோளில் பை போல ஊதிக்கொண்டது. கரையேறும்போது அவள் பதினெட்டாவது ஆள். சைக்கிளில் நாலு பேரைப் பிடித்தாள். ஓட்டத்தில் மூன்று பேரைப் பிடித்தாள். பதினோராவதாக வந்து சேர்ந்தாள்.

இக்னேசியஸ் மட்டும் அன்றைக்குத் திருவிழாவுக்கு வந்தவர் போல இருந்தார். அவள் நீந்தும்போது கரையோரமாகக் கூடவே நடந்தார். சைக்கிளில் போகும்போதும் ஓடும்போதும் பாதை ஓரத்தில் நின்று கையை ஆட்டினார்.

“நல்லாப் பாத்தேன் புள்ள. ஒரு எடத்துலயும் விடல,” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

பத்துக்குள் வராத வேதனை இந்த மனிதருக்குத் துளியாவது உறைக்கிறதா என்று நினைத்தாள். அழுகை வந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக ஹட்டனுக்கு பஸ் ஏறினாள். உடுப்பை அன்ஸாரின் மேசையில் போட்டாள்.

“ஒரே ஒரு எடத்துல போயிருச்சு, நானா. எங்கப்பா வெவரம் தெரியாத மனுஷன்தான். அதுக்காக விக்காத சாமானப் பொய் சொல்லிக் குடுப்பீங்களா?”

அன்ஸார் உடுப்பை எடுத்து நிதானமாக மடித்தார்.

“அப்பா ஒங்களக் கண்டாரா?”

“கண்டாங்க. தொடக்கத்துலேருந்து முடிவு வரைக்கும் பாத்தாங்க. அதுக்கென்ன?”

“அப்ப சரி. போட்டி முடிஞ்சா ஒங்களுக்குச் சொல்லலாம்னுதான் அவரும் சொன்னாரு.”

பத்து நாளைக்கு முன்னால் இக்னேசியஸ் தனியாக இந்தக் கடைக்கு வந்திருக்கிறார். இரண்டு கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறதாம். மலையில் நிற்கிற பெண்களை இப்போது குரலை வைத்துத்தான் இன்னார் என்று கண்டுபிடிக்கிறாராம். போட்டி முடிகிற வரைக்கும் மகளுக்குத் தெரியக் கூடாது என்று கேட்டுக்கொண்டாராம். போன வருஷம் அவருக்கு இரண்டு நாள் காய்ச்சல் என்றதும் போட்டியை விட்டுவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டவள் அவள். கண் விஷயம் தெரிந்தால் தண்ணீரில் காலே வைக்க மாட்டாள் என்று பயந்திருக்கிறார்.

பிரியந்தி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயி நின்னாரு, தங்கச்சி. கடையில இருக்கிற கலர் எல்லாத்தையும் ஒண்ணொண்ணாத் தூக்கிக் காட்டச் சொன்னாரு,” என்றார் அன்ஸார். “இது ஒண்ணுதான் அவருக்குத் தெரிஞ்சிச்சு.”