நீல நூல் சுற்றிய கன்று

ஒட்டுக் கட்டியவரின் குரலில்தான் கன்று பேச வேண்டும் என்பது தெய்வானை வேலை பார்த்த நாற்றுப் பண்ணையின் வழக்கம். கொள்ளிடக்கரையில் நசீமாவின் தோட்டத்துக்குள் நுழைந்ததுமே அவளுக்குத் தன் குரல் கேட்டது: "வேருக்கு மூச்சு முட்டுதுங்க. இலையில சோறு வேகல."

முழங்கால் அளவு வெள்ளத்தில் பத்து மாங்கன்றுகளும் இலை தொங்கி நின்றன.

வெள்ளம் தாங்கும் வேருக்கு நீல நூல், வறட்சி தாங்கும் வேருக்கு மஞ்சள். இவற்றை அனுப்பிய அன்று பண்ணையில் வெள்ள வேர் தீர்ந்துபோயிருந்தது, வாசலில் லாரி நின்றது. வறட்சி வேரில் ஒட்டுக் கட்டி நீல நூலைச் சுற்றி அனுப்பியவள் தெய்வானைதான். அதைச் சொல்லிவிடத்தான் வந்திருந்தாள். "யாருங்க உள்ள?" என்று குரல் கொடுத்தாள்.

நசீமா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "கன்னுங்க பேசுற அதே குரல்! நீங்கதானாக்கா அது? எம்மேலதான் தப்பு. வெள்ளம் தாங்குற கன்னே சாவுற அளவுக்கு என்னத்தைப் பண்ணித் தொலைச்சேனோ! தினமும் இதுங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் சோத்துல கை வைக்கிறேன்."

தெய்வானை தலை குனிந்துகொண்டாள்.

நசீமா பக்கத்துக் கன்றைத் தடவினாள். "மன்னிச்சுக்க தாயி."

"பரவால்ல விடுங்க," என்றது கன்று, தெய்வானையின் குரலில். "மன்னிச்சுட்டேன்."